ஆட்டின் உள்ளுறுப்புக்கள்: வயதும் பாலும்

சாய்ந்தமருதில் ஹஜ்ஜுப் பெருநாளன்று அறுக்கப்படும் ஆட்டின் வயிற்றை நோக்குமிடத்து, இரைப்பையின் நான்கு அறைகளுள் முதலாவதே இடப்பாகத்தின் பெரும்பகுதியை நிரப்பி நிற்கும். பிறந்த குட்டியிலோ நான்காம் அறையே பெரிது. முதலறை சுருங்கிக் கிடக்கும். (இரண்டாண்டு நிறையாத வெள்ளாடு ஷாபிஈ மத்ஹபின்படி உழ்ஹிய்யாவுக்கு ஆகாதாகலின், பெருநாளன்று இதனைக் காண்டற்கில்லை.) குட்டி முலையுண்ணும்பொழுது உணவுக்குழாயின் முடிவிலுள்ள பள்ளம் குழல்போல் மூடிப் பாலை நேரே நான்காம் அறைக்குச் செலுத்தும். தாயிழந்த குட்டியின் வாயிற் பாலை ஊற்றுவோர் இதனை அறிதல் வேண்டும்: உறிஞ்சாது விழுங்கிய பால் முதலறையில் வீழ்ந்து புளிக்கும், குட்டி மடியவுங் கூடும். தழை தின்னத் தொடங்கிய பின்னரே அவ்வறை விரைந்து வளரும். தைமசுச் சுரப்பியோ பருவமெய்தியபின் தேய்ந்து கொழுப்பாகும். பால்வேறுபாடு கொழுப்பிலே தெளிவு: ஒத்த வயதுக் கிடாயினும் மறியாட்டின் குடலையுஞ் சிறுநீரகத்தையுஞ் சூழ்ந்த கொழுப்பு மிகுதி, விதையடித்த கிடாய் இடைப்பட்டது.