ஆர்கான் ஒன்றும் செய்யாதா?

நம்பிக்கை: ஆர்கான் குடும்பத்து வாயுக்கள் எதனோடும் சேரவே சேராது.

உண்மை: பள்ளியில் இன்றும் இப்படி எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆனால் 1962இலேயே கனடாவில் நீல் பார்ட்லெட், செனானைப் பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளோரைடோடு சேர்த்துக் காட்டிவிட்டார். ஆர்கான் இன்னும் பிடிவாதக்காரர். 2000இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் அதையும் சேர வைத்தார்கள், கடுங்குளிரில் மட்டும். திருவொற்றியூர் வெல்டிங் பட்டறைகளுக்கு இதனால் கவலையில்லை. உருகும் எஸ்.எஸ். பைப்பைக் காற்று தொடாமல் ஆர்கான் மூடிக் காக்கும்.

நம்பிக்கை: சேராத வாயு என்றால் ஆபத்தும் இல்லை.

உண்மை: உயிர் போவது இந்த நினைப்பில்தான். ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம். டேங்குக்குள் வேலை முடித்து, டார்ச்சை அங்கேயே போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். வால்வு சரியாக மூடவில்லை. திரும்பி வருவதற்குள் வாயு அடியில் தேங்கி, காற்றை மேலே தள்ளியிருக்கும். மூச்சு முட்டுவதுபோல் நமக்குத் தோன்றுவது கார்பன் டை ஆக்சைடு சேர்வதால். ஆக்ஸிஜன் குறைவதை உடம்பு அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆர்கானை இழுத்து விடும்போது கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல் வெளியே போய்விடுகிறது. அதனால் திணறலே இல்லை. இறங்கியவர் ஓரிரு மூச்சில் சரியலாம். 'என்னடா ஆச்சு' என்று பின்னாலேயே குதிப்பவரும் அப்படியே.

2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, நெடியும் கண்ணெரிச்சலும் நள்ளிரவில் பெரியகுப்பத்தையே எழுப்பி ஓட வைத்தன. ஆர்கானுக்கு நெடி கிடையாது, நிறம் கிடையாது. எரிச்சலும் தராது.

நம்பிக்கை: மேல்மூடியைத் திறந்து வைத்தால் போதும்.

உண்மை: கனமான வாயு தானாக மேலேறி வந்துவிடாது. ப்ளோயர் குழாய் அடிவரை போக வேண்டும். ஆக்ஸிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும்; நல்ல காற்றில் அது 20.9 சதவீதம் காட்டும். 19.5க்குக் கீழே என்றால் இறங்கக் கூடாது. வெளியே காவலுக்கு ஒருவர் நிற்கட்டும். ஏதாவது ஆனால் அவர் ஆள் கூப்பிட வேண்டும், குதிக்கக் கூடாது.

கேஸ் கட்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்ஸிஜனையே உள்ளே திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. இது இன்னும் மோசம். ஆக்ஸிஜன் மிகுந்த இடத்தில், கிரீஸ் படிந்த சட்டைக்கு ஒரு பொறி போதும்.