விளையாடும் பிள்ளையிடம் என்ன பார்க்க வேண்டும்?

மூன்று வயது மகளை நர்சரியிலிருந்து அழைத்து வரும்போது, "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்கிறீர்கள். "விளையாடினேன்" என்கிறாள். மறுநாளும் அதே பதில்தான். மாதக் கட்டணம் கட்டும் நேரத்தில், 'விளையாடுவதற்கா இவ்வளவு பணம்?' என்ற எண்ணம் தலைகாட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளை அதே வயதில் ஆங்கில எழுத்துகளை எழுதிக் காட்டினால் கவலை இன்னும் கூடும்.

சிங்கப்பூரில் ஒரு பிள்ளை, மூன்று வயது நிறையும் ஆண்டில் நர்சரி 1 வகுப்பிலும் நான்கு வயது நிறையும் ஆண்டில் நர்சரி 2 வகுப்பிலும் சேரும். பாலர் பள்ளிகளுக்கான பாடத்திட்டக் கட்டமைப்பைக் கல்வி அமைச்சு 2003ல் வெளியிட்டது. 2012லும் 2022லும் அது புதுப்பிக்கப்பட்டது. நோக்கத்தோடு அமைந்த விளையாட்டின் வழியே பிள்ளைகள் கற்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கொள்கைகளில் ஒன்று.

விளையாட்டில் அப்படி என்ன கற்கிறார்கள்? பிள்ளையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்பதை விளையாட்டைப் பார்த்தே அறிய முடியுமா? பெருமளவு முடியும். எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

மைல்கல் என்பது ஒரே ஒரு தேதி அன்று

தவழ்வது, நடப்பது, முதல் சொல்லைப் பேசுவது போன்ற திறன்களை 'வளர்ச்சி மைல்கற்கள்' என்கிறோம். இவற்றை முறையாகப் பதிவு செய்தவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்டு கெசெல். 1911ல் அவர் அங்கு ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். பிள்ளைகளின் அசைவுகளைத் திரைப்படமாக எடுத்து, எந்த வயதில் எது நடக்கிறது என்று பட்டியலிட்டார்.

ஆனால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் ஒரே திறனைப் பெறுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து 2006ல் முடிவுகளை வெளியிட்டது. யாருடைய உதவியும் இல்லாமல் நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீண்டது. இடைவெளி ஒன்பது மாதத்துக்கும் மேல்! கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலே நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் சிலர் அதில் இருந்தனர்.

இந்த இடைவெளியை மருத்துவர்கள் எளிதாகப் பார்க்க உதவுவது 'டென்வர்' சோதனை. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1967ல் உருவான இந்தச் சோதனையில், ஒவ்வொரு திறனுக்கும் ஒரு பட்டை வரையப்பட்டிருக்கும். 25 விழுக்காட்டுப் பிள்ளைகள் அத்திறனைப் பெறும் வயதில் பட்டை தொடங்கும். 90 விழுக்காட்டினர் பெறும் வயதில் முடியும். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஏற்ப இது பின்னர் சீரமைக்கப்பட்டது. குழந்தை பிறந்ததும் உங்களுக்குத் தரப்படும் சுகாதாரக் கையேட்டில் உள்ள வளர்ச்சிப் பட்டியல் இந்த வழியில் வந்ததுதான்.

இங்கே ஒரு சிறு கணக்கை நினைவில் வையுங்கள். 'பாதிப் பிள்ளைகள் இந்த வயதில் செய்வார்கள்' என்றால், மீதிப் பாதி இன்னும் செய்யவில்லை என்றுதான் பொருள். அவர்கள் எல்லாருக்கும் குறை இருக்கிறது என்று சொல்ல முடியுமா? பட்டையின் நடுவில் நிற்கும் பிள்ளைக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. பட்டையின் முடிவைத் தாண்டிய பிள்ளையைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஒரு பெட்டிக் கட்டைகள், நான்கு வயதுகள்

விலை உயர்ந்த விளையாட்டுப் பொருள் வேண்டாம். சிறிய மரக்கட்டைகள் பத்தை எடுத்துக்கொள்வோம்.

ஏறத்தாழ ஒரு வயதில் பிள்ளை ஒரு கட்டையைக் கோப்பைக்குள் போடும்; வெளியே எடுக்கும்; மறுபடியும் போடும். 15 மாத அளவில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை வைக்கும். நமக்கு இது சாதாரணம். ஆனால் கட்டையைப் பிடிப்பதைவிட அதைச் சரியான நொடியில், அசையாமல் விடுவது கடினம். கண் அளந்து சொல்லும் இடத்தில் விரல்கள் மெல்லத் திறக்க வேண்டும்.

இரண்டு வயதில் கோபுரம் ஆறு கட்டை உயரத்துக்கு வளரும். மூன்று வயதில் ஒன்பது கட்டைகள்கூட நிற்கும். அதே வயதையொட்டி இன்னொரு மாற்றமும் வரும். இரண்டு கட்டைகளை இடைவெளி விட்டு வைத்து, மேலே ஒன்றை வைத்துப் பாலம் கட்டும். இடைவெளி அதிகமானால் மேல் கட்டை விழுந்துவிடும். ஆகவே கடைசிக் கட்டையை வைப்பதற்கு முன்பே முழுப் பாலமும் மனத்தில் இருக்க வேண்டும். திட்டமிடுதல் என்பது இதுதான்.

எழுத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள். கூட்டல் குறியை நான்கு வயதையொட்டியும், சதுரத்தை அதற்குச் சற்றுப் பிறகும், முக்கோணத்தை ஐந்து வயதையொட்டியும் வரைவார்கள். சாய்கோடுதான் கடைசியில் கைவரும். ஆங்கிலத்தின் முதல் எழுத்தான 'ஏ'யில் இரண்டு சாய்கோடுகள் உள்ளன. நம் 'அ' எழுத்திலோ சுழியும் வளைவும் நேர்க்கோடும் சேர்ந்து வருகின்றன. 'ட', 'ப' போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் எளிதாக வருவதற்கும் இதுவே காரணம். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, "ஏன் கோணலாக எழுதுகிறாய்?" என்று அதட்டினால், இன்னும் வளராத திறனைக் கேட்டு அதட்டுகிறோம். அந்தக் கைக்கு இப்போது வேண்டியது கட்டையும் களிமண்ணும் மணலும்தான்.

கட்டை ரொட்டியாகும் நாள்

பதினெட்டு மாதப் பிள்ளை விளக்குமாற்றை எடுத்துக் கூட்டுவதுபோலச் செய்யும். அது நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்வது. இரண்டரை வயதளவில் அதே பிள்ளை ஒரு கட்டையை எடுத்து, "சாப்பிடு" என்று பொம்மையின் வாயில் வைக்கும். இன்னொரு நாள் அதே கட்டையைப் பயண அட்டையாக்கி, நாற்காலியில் தட்டி, "டீட்" என்று சொல்லிப் பேருந்தில் ஏறும்.

இது பெரிய பாய்ச்சல். கையில் இருப்பது மரம் என்று பிள்ளைக்குத் தெரியும். ஆனாலும் மனத்தில் அதை வேறொன்றாக நிறுத்திக்கொள்கிறது. ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கலாம் என்பதைப் புரிந்துகொள்ளும் இதே வகைத் திறன்தான் பிற்பாடு எழுத்துக்கும் எண்ணுக்கும் தேவைப்படுகிறது. '3' என்ற வடிவம் மூன்று பழங்களைக் குறிக்கிறது; 'ப' என்ற கோடுகள் ஓர் ஒலியைக் குறிக்கின்றன. சமையல் விளையாட்டு விளையாடும் பிள்ளை நேரத்தை வீணாக்கவில்லை.

நான்கு வயதில் பிள்ளை தானே வேறொருவராக மாறும். "நான் டீச்சர், நீ பிள்ளை" என்று உங்களை உட்காரச் சொல்லும். பிறர் மனத்தில் இருப்பதை ஊகிக்கும் திறனும் ஏறத்தாழ இந்த வயதில்தான் பெரும்பாலோருக்கு அமைகிறது. 1983ல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு சிறுவன் சாக்லெட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான்? 'அவனுக்கு மாற்றியது தெரியாதே. வைத்த இடத்தில்தான் தேடுவான்' என்று நாம் சொல்வோம். மூன்று வயதுப் பிள்ளைகளோ சாக்லெட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்பது அவர்கள் நினைப்பு.

மூன்று வயதுப் பிள்ளை கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "என்னைக் கண்டுபிடி" என்று சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதா?

பக்கத்தில் இருந்தும் தனியாக விளையாடினால்?

"என் பிள்ளை யாரோடும் சேராமல் தனியாகவே விளையாடுகிறான்" என்று சில பெற்றோர் வருந்துவார்கள். 1932ல் மில்ட்ரட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக நர்சரிப் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார். பிள்ளைகள் விளையாட்டில் பங்கேற்கும் விதத்தை ஆறு வகையாக அவர் பிரித்தார். எதிலும் ஈடுபடாமல் சுற்றிப் பார்ப்பது, தனியே விளையாடுவது, பிறர் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது, அருகருகே அமர்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவது, பொருள்களைப் பகிர்ந்துகொண்டு விளையாடுவது, ஒரே நோக்கத்தோடு கூட்டாக விளையாடுவது என்பவையே அவை.

இளைய பிள்ளைகளிடம் அருகருகே விளையாடுவது அதிகமாகவும், வயது கூடக் கூடக் கூட்டு விளையாட்டு அதிகமாகவும் காணப்பட்டன. இரண்டு வயதுப் பிள்ளைகள் இருவர் ஒரே மணல்தொட்டியில் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு குழி தோண்டினால் அது குறையன்று. ஐந்து வயதுப் பிள்ளை சில நேரம் தனியே அமர்ந்து கட்டிக்கொண்டிருந்தாலும் தவறில்லை. மூன்று வயதுக்கு மேல் மற்றப் பிள்ளைகளைத் திரும்பியே பார்க்காமல் எப்போதும் ஒதுங்கி இருந்தால் மட்டும் ஆசிரியரிடம் பேசுங்கள்.

தமிழைக் குறை சொல்லாதீர்கள்

நம் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இது. பிள்ளை பேசத் தாமதமாகிறது. "வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்றால் பிள்ளை குழம்பிவிடும், தமிழை நிறுத்துங்கள்" என்று யாரோ சொல்கிறார்கள். மறுநாளே வீட்டில் ஆங்கிலம் மட்டும்.

இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்துக்குக் காரணமாகாது. உண்மையிலேயே தாமதம் இருந்தால் அது இரண்டு மொழிகளிலும் தெரியும். பிரச்சினை பெரும்பாலும் எண்ணும் முறையில்தான் இருக்கிறது. இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்களை எதிர்பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாட்டியோடு 30 தமிழ்ச் சொற்களையும் பராமரிப்பு நிலையத்தில் 25 ஆங்கிலச் சொற்களையும் பேசும் பிள்ளைக்கு மொத்தம் 55 சொற்கள் உண்டு. ஆங்கிலத்தை மட்டும் எண்ணுகிறவர் கண்ணுக்கு அது 25 ஆகத் தெரியும். "அம்மா வா" என்பது எப்படி இரு சொல் தொடரோ, அப்படியே "மோர் பால்" என்பதும் இரு சொல் தொடர்தான்.

தமிழை நிறுத்துவதால் தாமதம் தீராது. வீட்டில் பிள்ளையோடு அதிகம் பேசும் பாட்டி பேச்சைக் குறைத்துக்கொள்வார். பிள்ளை காதில் விழும் சொற்களும் குறையும். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில், விளையாட்டுக்கு நடுவே, நிறையப் பேசுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

"அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்பது நம் வீடுகளில் கேட்டுப் பழகிய ஆறுதல். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால், அந்த ஆறுதலை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம்.

• 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை.
• 18 மாதம் ஆகியும் தனக்குப் பிடித்ததை விரலால் சுட்டிக் காட்டவில்லை.
• பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.
• இரண்டு வயது முடிந்தும் எந்த மொழியிலும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை.
• மூன்று வயதில் பாவனை விளையாட்டே இல்லை. அல்லது பேசுவது வெளியாருக்குப் பெரும்பாலும் புரியவில்லை.
• எந்த வயதிலும், முன்பு பேசிய சொற்களையோ செய்த செயல்களையோ இழந்துவிட்டது.

இவற்றைக் கண்டதும் 'பெரிய குறை' என்று முடிவுகட்டவும் கூடாது. பேச்சுத் தாமதத்தில் முதலில் பார்க்க வேண்டியது காது கேட்கும் திறன். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுச்செவியில் நீர் கோத்து, ஒலி மங்கலாகக் கேட்கலாம். பிறந்தபோது செய்த செவிச் சோதனையில் குறை தெரியாத பிள்ளைக்கும் பிறகு இது வரக்கூடும்.

முதலில் சுகாதாரக் கையேட்டை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் பிள்ளையின் மருத்துவரிடமோ செல்லுங்கள். தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அவர்கள் அனுப்புவார்கள். சிறு வயது மூளை பயிற்சிக்கு ஏற்ப எளிதில் மாறக்கூடியது. ஆகவே உதவி எவ்வளவு முன்னதாகக் கிடைக்கிறதோ அவ்வளவு பயன் தரும். சோதனையில் எல்லாம் சரி என்று தெரிந்தால் உங்களுக்கு இழப்பு அரை நாள் விடுப்புதான்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

தினமும் பத்து நிமிடம் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். பத்துக் கட்டைகள், இரண்டு கிண்ணம், ஒரு பொம்மை போதும். என்ன விளையாடுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நீங்கள் பார்த்துக்கொண்டு, கேட்டால் மட்டும் சேர்ந்துகொள்ளுங்கள்.

பிறகு மூன்று குறிப்புகளை எழுதி வையுங்கள்: கையால் என்ன செய்தது, எதை வேறு எதுவாகப் பாவித்தது, என்னென்ன சொன்னது. தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுதுங்கள். நர்சரி ஆசிரியரிடமும் இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வீட்டில் பேசாத பிள்ளை வகுப்பில் பேசலாம்; வகுப்பில் ஒதுங்கும் பிள்ளை வீட்டில் தலைவனாக இருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து அந்தக் குறிப்புகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். அடுத்த வளர்ச்சிப் பரிசோதனைக்குப் போகும்போது கையேட்டோடு அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய அறையில், தெரியாதவர் முன்னால் உங்கள் பிள்ளை வாய் திறக்காமல் போனாலும், வீட்டில் என்ன செய்கிறது என்பதை மருத்துவர் அந்தக் குறிப்புகளிலிருந்து தெரிந்துகொள்வார்.