இரத்தச் சோதனைக்கும் ஒரு சோதனை

ஐரோலியில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவனுக்குக் கட்டட வேலை. மனைவிக்கு நான்காம் மாதம். சுகாதார நிலையத்தில் அவளுக்கு இரத்தம் எடுத்தார்கள். சீட்டில் "வி.டி.ஆர்.எல்." என்று எழுதினார்கள்.

"இது என்ன சோதனை, நர்ஸம்மா?"

"சிபிலிஸ் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. மேகநோய் என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்கிறோம். பயப்படாதே."

சிபிலிஸ் ஒரு கிருமியால் வரும் நோய். 1905ஆம் ஆண்டில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். உடலுறவு மூலம் இது பரவும். தாயிடமிருந்து வயிற்றுக் குழந்தைக்கும் பரவும். அப்போது குழந்தை இறந்து பிறக்கலாம். நோயோடும் பிறக்கலாம். பெனிசிலின் ஊசி போட்டால் நோய் குணமாகும். ஆகவே நோயை முன்னதாகவே அறிவது அவசியம்.

சோதனை தவறினால் என்ன ஆகும்? நோய் இருந்தும் "இல்லை" என்று சொன்னால், தாய்க்கு ஊசி கிடைக்காது. குழந்தைக்கு ஆபத்து. நோய் இல்லாமல் "உண்டு" என்று சொன்னால், வீட்டில் சந்தேகமும் சண்டையும் வரும்.

தவறு எப்படி வருகிறது? வி.டி.ஆர்.எல். சோதனையில் இரத்தநீரையும் மருந்தையும் கலந்து 4 நிமிடம் சுழற்ற வேண்டும். நேரம் குறைந்தால் முடிவு மாறலாம். மருந்து கெட்டுப் போயிருந்தாலும் மாறலாம்.

கடைத் தராசு சரியா என்று பார்க்க அதிகாரி வருகிறார். சரியாக இருந்தால் முத்திரை இடுகிறார். சோதனைக்கூடத்துக்கும் அப்படி ஒரு முறை உண்டு. அதன் பெயர் வெளித் தர மதிப்பீடு.

ஒரு பெரிய மையம் இரத்தநீர் மாதிரிகளை அனுப்புகிறது. எதில் நோய் உண்டு, எதில் இல்லை என்பது மையத்துக்குத் தெரியும். சோதனைக்கூடத்துக்குத் தெரியாது. அங்குள்ளவர்கள் வழக்கம்போலச் சோதித்து முடிவை அனுப்புவார்கள். மையம் ஒப்பிட்டுப் பார்க்கும். தவறு இருந்தால் காரணத்தைக் கண்டு திருத்த உதவும். தண்டிப்பது நோக்கம் அல்ல.

நம் நாட்டில் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் உள்ள மையம் இதற்குத் தலைமை மையம். சென்னை மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோய் நிலையம் வட்டார மையங்களில் ஒன்று.

இன்னொரு செய்தி. மலேரியா போன்ற வேறு காரணங்களாலும் வி.டி.ஆர்.எல். "உண்டு" என்று காட்டலாம். எனவே உறுதி செய்ய வேறு வகைச் சோதனையும் வேண்டும். அதற்கு முன் யாரையும் பழி சொல்லக் கூடாது. நோய் உறுதியானால் கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவம் பெற வேண்டும்.

அடுத்த வாரம் அவள் முடிவை வாங்கப் போனாள். கணவனும் கூடவே போனான். "இந்தச் சோதனைக்கூடத்துக்கு வெளித் தர மதிப்பீடு உண்டா?" என்று அவள் கேட்டாள். நர்ஸம்மா சிரித்தார். "உண்டு. நல்ல கேள்வி கேட்டாய்" என்றார்.

நாமும் கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

சிந்திப்போம்
1. கர்ப்பிணிக்கு இந்தச் சோதனை ஏன் தேவை?
2. மாதிரியின் முடிவைச் சோதனைக்கூடத்துக்கு ஏன் முன்பே சொல்வதில்லை?
3. "உண்டு" என்று முடிவு வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும்?