காஸாவுக்காகச் சைக்கிள் மிதிப்பதால் என்ன பயன்?

வெளிநாடுகளில் பாலஸ்தீன மக்களுக்காகச் சைக்கிள் சவாரி நடத்தி நிதி திரட்டுகிறார்கள். முதுகில் பாலஸ்தீனக் கொடி அச்சிட்ட சட்டை அணிந்து, கல்லும் மண்ணுமான பாதையில் கூட்டமாக மிதித்துப் போகும் காணொளிகளை நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி நியாயமானது. இவர்கள் அங்கே சைக்கிள் மிதித்தால் காஸாவில் பசித்திருக்கும் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? கொடுக்க நினைத்த பணத்தைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போகலாமே? பெரியவர்களிலும் சிலர், இதில் விளம்பரம்தான் மிச்சம் என்கிறார்கள். இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லை விளங்கிக்கொள்வோம். இதைக் கிராவல் சவாரி என்கிறார்கள். நம் ஊரில் தார் போடுவதற்கு முன் லாரியில் கொண்டுவந்து கொட்டிப் பரப்புவார்களே, அந்தக் கிராவல்தான். அமெரிக்காவின் கன்சாஸ் போன்ற இடங்களில் வயல்களுக்கு நடுவே மைல் கணக்கில் போகும் பாதைகளில் வளர்ந்த விளையாட்டு இது. 2022இல் இத்தாலியில் இதற்கு உலகப் போட்டியே நடந்தது. சைக்கிள் பார்ப்பதற்குப் பந்தய சைக்கிள் போலத்தான் இருக்கும், ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் டயர் 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலம்; காற்றும் குறைவாகவே அடித்திருப்பார்கள். அப்போதுதான் சரளைக்கல்லில் சறுக்காமலும் கை அதிராமலும் போகும். பஸ், லாரி வராத பாதை என்பதால் பேசிக்கொண்டே போகலாம். தர்மத்துக்காக நடக்கும் சவாரிகளில் முந்துவது பெரிதில்லை. ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் மற்றவர்களும் நின்று ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் புறப்படுகிறார்கள்.

பணம் வரும் வழி இப்படி. சவாரியில் சேர்பவர் பெயர் கொடுத்ததும், தனக்கென ஒரு நன்கொடைப் பக்கத்தை இணையத்தில் திறப்பார். "இந்த ஞாயிற்றுக்கிழமை 80 கிலோமீட்டர் மிதிக்கப்போகிறேன், என் பெயரில் இத்தனை கொடுங்கள்" என்று வேலை செய்யும் இடத்திலும் தெருவிலும் உறவினரிடமும் கேட்பார். சிலர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள், சிலர் மொத்தமாகக் கொடுப்பார்கள். பிரிட்டனில் வரி செலுத்துபவர் ஒரு பவுண்டு கொடுத்தால், அறக்கட்டளை அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் பெற்றுக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆக, மிதிப்பவர் தன் பையிலிருந்து கொடுப்பது ஒரு பங்கு என்றால், அவர் கேட்டதால் வருவது பல பங்கு. கால் செய்கிற வேலையைவிட வாய் செய்கிற வேலைதான் இங்கே பெரிது. பாலஸ்தீனத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியிராத பக்கத்து வீட்டுக்காரர்கூட, "எதற்காக மிதிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுகிறார். பதில் சொல்லத்தானே வேண்டும்!

இப்போது விளம்பரம் என்ற ஆட்சேபணைக்கு வருவோம். ஸதகாவை வெளிப்படையாகக் கொடுப்பதையும் நல்லது என்று சொல்லி, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்று அல்பகரா அத்தியாயம் கற்பிக்கிறது. மறைத்துக் கொடுப்பது மேல் என்பதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் ஜரீர் பின் அப்தில்லாஹ் (ரலி) அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு சம்பவத்தை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். முளர் குலத்தைச் சேர்ந்த சிலர் காலில் செருப்பில்லாமல், முரட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மதீனாவுக்கு வந்தார்கள். அவர்களுடைய வறுமையைக் கண்டதும் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிட்டது. தொழுகை முடிந்ததும் மக்களிடம் பேசினார்கள். காசோ துணியோ தானியமோ, பாதிப் பேரீச்சம்பழமோ, முடிந்ததைக் கொடுங்கள் என்று தூண்டினார்கள். அன்ஸாரிகளில் ஒருவர் கை தாங்காத அளவுக்குப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு எல்லோர் முன்னிலையிலும் வந்தார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். உணவும் துணியும் இரண்டு குவியலாகச் சேர்ந்தன. நபியவர்களின் முகம் மலர்ந்தது. நல்ல வழியைத் தொடங்கி வைத்தவருக்குத் தன் கூலியோடு, பின்பற்றியவர்களின் கூலி போன்றதும் உண்டு, அவர்களுடைய கூலி சிறிதும் குறையாது என்ற கருத்தை அப்போதுதான் சொன்னார்கள்.

அந்த அன்ஸாரித் தோழர் இரவில் யாரும் அறியாமல் கொண்டுவந்து வைத்திருந்தால் ஒரு பை சேர்ந்திருக்கும், குவியல் சேர்ந்திருக்காது. தர்மச் சவாரியின் நியாயம் இதுதான். அதன் ஆபத்தும் இதே இடத்தில் இருக்கிறது. மிதிப்பவரின் படமும் அவர் சைக்கிளின் விலையும் பேசப்பட்டு, காஸா பின்னால் போய்விட்டால் அது முகஸ்துதியாகிவிடும். எது எந்தப் பக்கம் என்பதை வெளியிலிருந்து நாம் தீர்மானிக்க முடியாது, அது அவரவர் நிய்யத். ஆனால் நடத்துகிறவர்கள் மக்களிடம் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தால் ஓரளவு புரியும்.

அவர்கள் பேச வேண்டியது என்ன? காஸாவின் அளவைச் சொன்னாலே போதும். அதன் நீளம் சுமார் 41 கி.மீ., அகலம் 6 முதல் 12 கி.மீ. அதற்குள் 20 லட்சத்துக்கும் அதிகமான மக்கள். 80 கி.மீ. கிராவல் சவாரி போகிறவர், பாதி வழியில் தண்ணீர் குடிக்க நிற்பதற்குள் காஸாவின் நீளத்தைக் கடந்துவிடுகிறார். வழியில் அவரை யாரும் நிறுத்துவதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் போகிற மீதிப் பாதை, காஸாவில் இருக்கிறவருக்கு உலகத்திலேயே இல்லாத பாதை.

காஸாவிலும் சைக்கிள் வீரர்கள் இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அலா அத்தாலி என்ற இளைஞர் 2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் நடக்கவிருந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு மார்ச் 30 அன்று, தாயகம் திரும்பும் உரிமை கேட்டு எல்லை வேலிக்கருகே மக்கள் திரண்டபோது, அவரும் சைக்கிளோடு அங்கே போய் நின்றார். இஸ்ரேலிய ராணுவத்தின் குண்டு காலில் பாய்ந்தது. பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு காலை எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஐந்து வாரத்தில், மே 4 அன்று, இத்தாலியின் புகழ்பெற்ற ஜிரோ பந்தயம் அந்த ஆண்டு ஜெரூசலத்தில் தொடங்கியது. காஸா நகரிலிருந்து ஜெரூசலம் 80 கி.மீ. தூரம்தான். உலகத்தின் சிறந்த வீரர்கள் அங்கே மூன்று நாட்கள் ஓட்டினார்கள்.

அலா ஒற்றைக் காலால் மீண்டும் மிதிக்கப் பழகினார். தன்னைப் போல் உறுப்பிழந்தவர்களைச் சேர்த்து, நண்பர் கரீம் அலியுடன் 2020இல் ஒரு குழுவைத் தொடங்கினார். அதன் பெயர் காஸா சன்பேர்ட்ஸ். சன்பேர்ட் என்றால் நம் வீட்டு முருங்கைப் பூவிலும் செம்பருத்தியிலும் வந்து தேன் குடிக்கும் தேன்சிட்டுதான். பாலஸ்தீனத் தேன்சிட்டு அவர்களுடைய தேசியப் பறவை. 2023 அக்டோபரில் போர் தொடங்கியபோது இந்த வீரர்கள் பயிற்சியை விட்டு, ரொட்டியும் உணவுப் பொருளும் கூடாரங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான அஹ்மத் அத்தாலி 2025 மே மாதம் இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பல நாடுகளில் நடக்கும் ஆதரவுச் சவாரிகளின் பணம் இவர்களுக்கும் போகிறது. பரிதாபப்பட்டுக் கொடுப்பதற்கும், நம்மைப் போல் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று அறிந்து கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

பிரிட்டனில் 2015 முதல் நடக்கும் 'பிக் ரைட்' என்ற சவாரி, 2014 போரில் காஸாவில் கொல்லப்பட்ட 500க்கும் மேற்பட்ட குழந்தைகளின் நினைவாகத் தொடங்கப்பட்டது. அதன் நிதி, மத்திய கிழக்குக் குழந்தைகளுக்காகக் கலிஃபோர்னியாவிலிருந்து செயல்படும் அமைப்பு ஒன்றின் வழியாகக் காஸாவுக்குப் போகிறது. அந்த அமைப்பின் தண்ணீர்த் திட்டம் எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள். புரைஜ் அகதி முகாமிலுள்ள ஐ.நா. பள்ளி மாணவர் மன்றத்திடம், உங்கள் பள்ளிக்கு ஒரே ஒரு பொருள் வேண்டுமென்றால் எதைக் கேட்பீர்கள் என்றார்கள். விளையாட்டுத் திடலோ கணினியோ கேட்கவில்லை, குடிக்க நல்ல தண்ணீர் கேட்டார்கள் அந்தப் பிள்ளைகள். காஸாவின் நிலத்தடி நீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடிக்க உதவாதது. அதன் பிறகு பள்ளிகளில் சுத்திகரிப்புக் கருவிகள் வைக்கப்பட்டன.

எனவே யாராவது இப்படி ஒரு சவாரிக்கு நன்கொடை கேட்டால், கடைசியில் பணம் யார் கையில், எந்தப் பொருளாகப் போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். அது அமானத், கேட்பது சந்தேகப்படுவதாகாது. சாப்பாடு, டியூப், முதலுதவி, காப்பீடு ஆகிய செலவுகளைச் சேருபவர்களின் பதிவுக் கட்டணத்திலேயே முடித்துவிட்டு, நன்கொடையைத் தொடாமல் அனுப்புவதுதான் நல்ல ஏற்பாடு. நம் ட்ரஸ்ட் போன்ற அமைப்புகள் திரட்டி அனுப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நம் நாட்டு வருமான வரிச் சட்டப்படி, அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழித்தால் அதற்கு விலக்குப் பெற மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் உத்தரவு தேவை. ஆசைப்பட்டு உடனே செய்துவிடக்கூடிய காரியமல்ல.

ஜகாத் விஷயம் வேறு. ஜகாத் பொருள் உரிய ஏழையின் கைக்கு உடைமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால், தண்ணீர்க் கருவி, பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு அதிலிருந்து கொடுக்க நம் உலமாக்களில் பெரும்பாலோர் இடம் தருவதில்லை. உணவுப் பொட்டலமாக ஏழைக் குடும்பத்துக்கே போகுமானால் பேச்சு வேறு. அதிலும் ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி, நம் ஊரிலேயே உரியவர்கள் இருக்கும்போது ஜகாத்தை வெளியூருக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆகவே இத்தகைய சவாரிகளுக்குக் கொடுப்பதை ஸதகா என்ற நிய்யத்தில் கொடுப்பதே பேணுதல். ஜகாத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று எண்ணுபவர்கள், கொடுப்பதற்கு முன் பள்ளிவாசல் இமாமிடம் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்ளவும்.