கோர்ட்டில் சொல்லாத துயரம் கணக்கில் வராது



குடும்ப நலம் என்றால் அளவான பிள்ளைகள், தடுப்பூசி, சத்துணவு இவை மட்டும் அல்ல. ஒரே கூரையின் கீழ் வாழும் இருவரில் ஒருவர் மற்றவருக்குப் பயந்து நடுங்காமல் இருப்பதும் குடும்ப நலந்தான். அந்தப் பயம் முற்றி, விஷயம் கோர்ட்டு வரை வந்துவிட்டால் என்ன செய்வது, எதை எப்படிச் சொல்வது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். பெண்கள் படியுங்கள். ஆண்களும் கட்டாயம் படியுங்கள்.

அடி மட்டுந்தான் கொடுமையா?

"அவிய கை நீட்டுனதே கெடையாது. அப்புறம் எப்படிக் கொடுமைன்னு சொல்ல?" என்று கேட்கும் பெண்கள் உண்டு.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாருக்கும் இது பொது. இந்தச் சட்டம் நான்கு வகைக் கொடுமைகளைச் சொல்கிறது.

1. உடலுக்குச் செய்வது: அடி, உதை, சூடு, உடம்பைக் கெடுக்கும் எந்தச் செயலும்.

2. பாலியல் கொடுமை: பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நடத்தை.

3. சொல்லாலும் மனத்தாலும் செய்வது: இழிவான பேச்சு, "பிள்ளை இல்லை", "ஆம்பளப் பிள்ளை இல்லை" என்று குத்திக் காட்டுவது, அவளுக்கு வேண்டியவர்களை அடிப்பேன் என்று ஓயாமல் மிரட்டுவது.

4. பணத்தால் செய்வது: சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் கொடுக்காமல் இருப்பது, அவள் சம்பாத்தியத்தைப் பறிப்பது, சீதன நகையை அவளைக் கேட்காமல் விற்பது, வீட்டுக்குள் விடாமல் தடுப்பது.

ஓர் உதாரணம் பாருங்கள். இது நாமாகச் சொல்லும் உதாரணந்தான். ஒரு பெண் பீடி சுற்றுகிறாள். பாஸ் புத்தகம் அவள் பேரில். கூலி முழுவதும் கணவன் கையில். அம்மா வீட்டுக்குப் போக அனுமதி இல்லை. போனில் யாரிடம் பேசினாள் என்று தினமும் விசாரணை. அடுத்த பிள்ளை வேண்டுமா, கருத்தடை செய்துகொள்ளலாமா என்று அவளைக் கேட்பதே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சின்ன விஷயம் போலத் தெரியும். சேர்த்துப் பார்த்தால் அவளைச் சுற்றி ஒரு வேலி.

இப்படி அடக்கி ஆளுவதை இங்கிலாந்தில் 2015-இல் தனிக் குற்றமாகவே ஆக்கினார்கள். நம் சட்டத்தில் அதற்குத் தனிப் பெயர் இல்லை. ஆனால் மேலே சொன்ன 3, 4 வகைகளில் இது அடங்கும். ஒரு செயலை மட்டும் பிரித்துப் பார்க்காமல், நடந்த சூழ்நிலை முழுவதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்?

அந்தப் பெண் ஒரு நாள் தாங்க முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவன் முந்திக்கொண்டு, "தகுந்த காரணம் இல்லாமல் பிரிந்து போய்விட்டாள். சேர்ந்து வாழ உத்தரவு வேண்டும், பிள்ளையும் என்னிடம் வேண்டும்" என்று குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டான்.

வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள்: "கோர்ட்டுல போய் எல்லாத்தையும் கொட்டாத. நாளைக்குச் சேர்ந்து வாழணும்லா? அடிக்கிற கைதான் அணைக்கும்." அவளும் வெட்கப்பட்டு, "சின்ன மனஸ்தாபம்" என்று பதில் எழுதிக் கொடுத்தாள்.

இப்போது நீதிபதிக்கு முன்னால் இருப்பது என்ன? காரணம் இல்லாமல் போன மனைவி, கூப்பிடும் கணவன். நடந்தது எதுவும் காகிதத்தில் இல்லை. "தகுந்த காரணம்" எது என்று அவள்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டதை ஒரு வருஷம் கழித்துச் சொன்னால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பார்.

ஜீவனாம்சம், விவாகரத்து, பிள்ளை யாரிடம், எந்த வீட்டில் குடியிருப்பது என எந்த வழக்கானாலும் முதல் மனுவிலேயே, அல்லது முதல் பதிலிலேயே கொடுமையைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாசல் உண்டு

முதல் வாசல் மாஜிஸ்திரேட் கோர்ட். 12-ஆம் பிரிவின்படி அங்கே மனுக் கொடுக்கலாம். கணவன் ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அம்பாசமுத்திரத்தில் தாய் வீட்டில் தற்காலிகமாக இருந்தால், அந்த எல்லைக்குள்ளேயே போடலாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டம் வைத்திருக்கும் கெடு. நடைமுறையில் வாய்தா நீள்வதும் உண்டு. அவசரம் என்றால் இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

இரண்டாவது வாசல் பலருக்குத் தெரியாது. ஏற்கெனவே குடும்ப நீதிமன்றத்திலோ சிவில், கிரிமினல் கோர்ட்டிலோ வழக்கு நடந்தால், பாதுகாப்பு, குடியிருக்கும் உரிமை, பணம், பிள்ளை, நஷ்டஈடு ஆகியவற்றை அந்த வழக்கிலேயே கேட்கலாம். 26-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஒரு கோர்ட்டில் வாங்கிய உத்தரவை மற்றக் கோர்ட்டில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கிடைக்கக்கூடியவை

• அடிக்கவோ, மிரட்டவோ, தொடர்பு கொள்ளவோ கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• வீட்டில் குடியிருக்கும் உரிமை. வீடு மாமனார் பேரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் அவள் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணவனை வெளியேற்றுவதுதான் வீட்டில் அமைதிக்கு ஒரே வழி என்றால் அப்படியே உத்தரவிடலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்புச் சொன்னது.

• ஜீவனாம்சம். இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காக வேண்டும் என்பது 2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

• பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவு. தகப்பன் வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கேடு என்று தெரிந்தால் அதையும் கோர்ட் மறுக்கலாம். ஆகவே பிள்ளை எதைப் பார்த்தது, எப்படிப் பயந்தது என்பதையும் சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது?

"ரொம்பக் கொடுமைப்படுத்தினார்" என்று மட்டும் எழுதினால் போதாது. என்று, எங்கே, என்ன, யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். தேதி மறந்துவிட்டால் நல்ல நாள் பெரிய நாளை வைத்துச் சொல்லலாம். இப்படி: "நெல்லையப்பர் கோவில் ஆனித் தேருக்கு முந்தின நாள் இரவு, பீடிக் கூலியைக் கேட்டதற்கு வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார். பக்கத்து வீட்டு மைனி கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார்."

முதலில் நடந்தது, மிக மோசமானது, கடைசியாக நடந்தது இந்த மூன்றையும் விடாதீர்கள். பிறகு அன்றாடக் கட்டுப்பாடுகளை எழுதுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் உண்மையும் சேர்ந்து அடிபடும்.

சேர்த்து வைக்க வேண்டியவை: பீடிக் கம்பெனி பாஸ் புத்தகம், பாங்கிப் புத்தகம், நகை அடகு ரசீது, போனில் வந்த மிரட்டல், காவல் நிலையத்தில் கொடுத்த மனு ரசீது. இவற்றை வீட்டில் வைக்கப் பயமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

காயம் பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ உடனே போங்கள். "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். யாரால் வந்தது என்று சொன்னால் டாக்டர் அதைப் பதிவேட்டில் எழுதுவார். அந்த எழுத்து பிற்பாடு கோர்ட்டில் பேசும். போலீஸ் புகார் இருந்தால்தான் வைத்தியம் என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது.

சமரசம் பேசக் கூப்பிட்டால்

குடும்ப நீதிமன்றம் முதலில் சேர்த்து வைக்கத்தான் பார்க்கும். அது நல்லதுதான். ஆனால் பயத்தோடு உட்காருகிறவள் மனம் திறந்து பேச முடியாது. "அவர் எதிரில் பேசப் பயமாக இருக்கிறது, தனியாகக் கேளுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நடக்கும் ஆலோசனையில், "அவள் எதிர்த்துப் பேசினாள், அதான் அடிச்சேன்" என்று நியாயம் கற்பிக்க 2006-ஆம் ஆண்டு விதிகள் இடம் கொடுப்பதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்தாலும் கோர்ட்டுக்குப் போகும் உரிமை போய்விடாது.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை

வீட்டை நடத்துவது வேறு, வீட்டில் உள்ளவளை அடக்கி வைப்பது வேறு. அவள் கூலி அவள் கையில் இருக்கட்டும். செலவை இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் மீது பொய்யாகக் குற்றம் சொன்னால் கோர்ட்டில் பதில் சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு. மனைவி கொடுமை செய்தால் அதை விவாகரத்து வழக்கில் காரணமாகக் காட்டவும் வழி உண்டு. ஆனால் மனுப் போட்டாள் என்பதற்காக அவளை மிரட்டினால், அதுவும் வழக்கில் ஒரு பக்கமாகச் சேரும்.

உதவி எங்கே?

மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலர் நடந்ததைக் கேட்டு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

பெண்கள் உதவி எண் 181. சட்ட உதவி 15100. குழந்தைகளுக்கு 1098. உயிருக்கு ஆபத்து என்றால் 112. வழக்குப் போடும் சமயத்திலும் வீட்டை விட்டு வரும் சமயத்திலும் ஆபத்து கூடலாம். எங்கே தங்குவது, யார் துணை என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

இருவரும் சேர்ந்து பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டில் யார் சம்பாத்தியம் யார் கையில் இருக்கிறது?
2. அம்மா வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போக ஒருவர் மற்றவரிடம் பயந்து கேட்கிறோமா?
3. நம் மகளுக்கு இப்படி நடந்தால், "பொறுத்துப் போ" என்போமா, "நடந்ததைச் சொல்லு தாயி" என்போமா?

மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்களோ, அதையே உங்கள் வீட்டுக்கு வந்த மருமகளுக்கும் சொல்லுங்கள்.