நெஞ்சில் நிறுத்த வேண்டியது எவ்வளவு?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைப்பவரின் மகன் எம் பழைய மாணவன். இளங்கலைத் தமிழ் முடித்தபின், கணினி வலையமைப்புத் துறையில் சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சி.சி.என்.ஏ. சான்றிதழ்த் தேர்வுக்கு ஆயத்தமானான். வீட்டில் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வில் மதிப்பெண் மிகக் குறைந்தது. இருநூறு பக்கக் குறிப்பேட்டுடன் வந்து, "ஐயா, இவ்வளவும் மனப்பாடம் செய்தேன், இன்னும் எவ்வளவு செய்ய வேண்டும்?" என்றான். தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். அவன் தந்தையின் மாத ஊதியத்தை அஃது விழுங்கிவிடும். எனவே அவ்வினாவை எளிதாகத் தள்ள இயலவில்லை.

யாப்பிலக்கணத்தை நினைவூட்டினேன். அசைகள் நேர், நிரை என இரண்டே. அவை இரண்டிரண்டாகச் சேர ஈரசைச்சீர் 4. மூன்றாகச் சேர மூவசைச்சீர் 8. நான்காகச் சேர நாலசைச்சீர் 16. இரண்டு அசையும் சேரும் முறையும் அறிந்தவன் வாய்பாடு மறந்தாலும் தானே வகுத்துக்கொள்வான். கணினிக்கும் 0, 1 என்னும் இரண்டே அசைகள்!

அவன் மனப்பாடம் செய்திருந்த சப்நெட் அட்டவணையும் இவ்வழியே பிறப்பதுதான். முகவரிக்கு 32 பிட்டுகள். '/26' எனில் எஞ்சியவை 6. இரண்டை ஆறுமுறை பெருக்க 64. முதலும் இறுதியும் நீங்கக் கருவிகளுக்கு 62. 256இல் 64 போக 192; அதுவே மறைப்பெண்ணின் இறுதிப் பகுதி. 192.168.10.70 என்னும் முகவரி 64 முதல் 127 வரையுள்ள தொகுதியில் அடங்கும். இதற்கு அட்டவணை எதற்கு?

ஆகவே தேர்வுச் செய்திகளை மூவகையாகப் பகுக்கலாம்.

ஒன்று, மரபால் வந்தவை. எச்.டி.டி.பி.எஸ். 443, எஸ்.எஸ்.எச். 22, டி.என்.எஸ். 53 என்னும் போர்ட் எண்களைச் சிந்தித்துக் கண்டறிய இயலாது. இவற்றை மனப்பாடமே செய்தல் வேண்டும். ஆயின் இவை சிலவே.

இரண்டு, வருவித்துக் கொள்ளத்தக்கவை. கணக்கீட்டுக் கருவிக்கு அனுமதியில்லாத 120 நிமிடத் தேர்வு அது. விடையளித்த வினாவிற்கு மீண்டும் செல்லவும் இயலாது. ஆதலின் முறையை அறிந்தால் மட்டும் போதாது. கை பழகும்வரை நாள்தோறும் செய்து பார்த்தல் வேண்டும்.

மூன்று, தேடி எடுக்கத்தக்கவை. கட்டளையின் கிளைகளைக் கேள்விக்குறி இட்டால் ரௌட்டரே பட்டியலிடும். எக்கட்டளை எதற்கு என்பதை அறிந்தால் போதும்.

கசிந்த வினாத்தொகுப்புகளை நெட்டுருச் செய்வார் சிலர். அது விதிமீறல், சான்றிதழே பறிபோகக்கூடும். நேர்காணலில் 'ஏன்' என்னும் ஒரு வினாவிற்கு முன்னும் அது நில்லாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூலார் பாடம் போற்றுதலைக் கூறியதோடு அமையவில்லை. கேட்டதை நினைத்தலையும், வினாதலையும், விடையிறுத்தலையும் உடன்வைத்தார். மனப்பாடம் இகழத்தக்கதன்று, அஃது அடித்தளம். அடித்தளமே வீடாகிவிடாது.

இரண்டு திங்கள் கழித்து அவன் மீண்டும் வந்தான். குறிப்பேடு பன்னிரண்டு பக்கமாகச் சுருங்கியிருந்தது. உடன் கொணர்ந்த கணக்குத் தாள்களோ ஒரு கட்டு. "இனிப் பணம் கட்டலாம்" என்றேன்.