பாலை மரமும் அதன் பயன்களும்

கிழக்கிலங்கையில் பாலைப் பழத்தின் சுவையை அறியாதார் இலர். ஆயினும் அப்பழத்தைத் தரும் மரமோ காடுகளில் அருகி வருகின்றது. கமக்காரர் இதன் இயல்பை அறிந்து பேணுதல் வேண்டும்.

பெயர்: பாலை எனும் பெயர் பல மரங்களுக்கு உண்டு. வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் வேறு. இங்குக் கூறப்படுவது இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்த மரமாகும். தமிழ்நாட்டார் இதனை உலக்கைப்பாலை என்றும், சிங்களவர் பலு என்றும் வழங்குவர். இதன் தாவரவியற் பெயர் மணில்காரா எக்சாந்திரா.

இயல்பு: இஃது உலர் வலயக் காடுகளில் வளரும் பசுமை மாறா மரம். பட்டை கருஞ்சாம்பல் நிறமும் வெடிப்பும் உடையது. கீறினால் வெண்பால் வடியும். தடித்த இலைகள் கிளை நுனிகளில் நெருங்கி நிற்கும். இலை நுனி சற்றே பிளவுற்றிருக்கும். பூக்கள் சிறியவை, வெண்மையானவை. பழம் மஞ்சள் நிறமானது. பெரும்பாலும் ஒரே விதை கொண்டது.

பயன்: இதன் மரம் செந்நிறமானது, நீரில் அமிழுமளவு கனமுடையது. தூண், உலக்கை, செக்கு ஆகியவற்றுக்கு ஏற்றது. விதையிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். இந்தியாவில் சப்போட்டாவைப் பாலைக் கன்றில் ஒட்டுகின்றனர்; அவ்வொட்டு மரம் வறட்சியைத் தாங்கும்.

பழம் பறித்தல்: கிளைகளை முறித்துப் பழம் கொய்தல் பெருந்தவறு. கிளை நுனியே பூக்கும் இடமாதலின், முறித்த கிளையில் மறு ஆண்டு பழம் இராது. பாலை மிக மெதுவாக வளர்வது; பாட்டன் நட்ட மரம் பேரனுக்கே பயன்படும். கொக்கத்தடியால் கிளையை மெல்ல உலுக்கி, கீழே விரித்த சாக்கில் பழத்தைச் சேர்த்தல் நன்று. பழக்காலத்தில் கரடிகள் இம்மரத்தை நாடி வருமாதலின், தனியே காட்டுக்குச் செல்லற்க. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனச் சட்டத்தின்படி, ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி மரம் தறித்தல் குற்றமாகும்.

நடுகை: புதிய விதையின் கடின ஓட்டைச் சிறிது தேய்த்து, ஒரு நாள் நீரில் ஊறவைத்து நாற்றுமேடையில் இடுக. கன்று ஓராண்டு வளர்ந்தபின், வடகீழ்ப் பருவமழையின் தொடக்கத்தில் நடுக. நெல் வரப்பில் நட்டால் நிழல் பயிரைத் தாக்கும். வளவின் எல்லையும் மேட்டுக்காணியின் ஓரமும் தக்க இடங்கள். முதற் சில ஆண்டுகள் ஆடுமாடு தின்னாதவாறு வேலியிட்டுக் காக்க.

வளவுக்கு ஒரு பாலை நட்டால், பிள்ளைகள் பழத்திற்காகக் காடேக வேண்டியதில்லை. காட்டு மரமும் பிழைக்கும்.